விமானப் பயண நேரத்தை மனக்கணக்காக அறிய

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான நேர்வான் தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டினால், இடைநிற்றல் இல்லாத பயணத்துக்கு ஆகும் நேரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். பயணச்சீட்டில் உள்ள புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பதால், அவற்றைக் கழித்துப் பார்த்துக் குழம்புவதைவிட இது எளிது. பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் ஏறி இறங்குவதும் அந்த அரை மணியில் அடங்கும். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. சுமார் 5,540 கிலோமீட்டர்; கணக்குப்படி ஏழு மணி நேரம். ஆனால் மேற்கிலிருந்து வீசும் மேல்வளிக் காற்றோட்டத்தை எதிர்த்துப் போகையில் எட்டு மணி நேரம்கூட ஆகும், குறிப்பாகக் குளிர்காலத்தில்.

வான்வெளி மூடப்பட்ட தடங்களுக்கு இக்கணக்கு உதவாது: ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு ஒன்பதரை மணி நேரம் போதுமாயிருந்தது, 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபின் அது பதின்மூன்று மணியை எட்டிவிட்டது.