டெங்குவா, மோனோவா? குழந்தைகளின் ஸ்மியரைப் பார்ப்பது எப்படி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாளையங்கோட்டையில் எங்கள் லேபுக்குக் காய்ச்சல் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். அப்படி ஒருநாள், அம்பாசமுத்திரத்தில் இருந்து ஏழு வயது மகனோடு ஓர் அக்கா வந்தார்கள். பையனுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டியிருந்தது, தொண்டையில் வெள்ளைப் படலம். "எய்யா, டெங்குவா இருக்குமோ?" என்றார்கள். எனக்கோ மோனோவாக (இன்ஃபெக்‌ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் காய்ச்சல்) இருக்குமோ என்று தோன்றியது. லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு அந்தப் பையனின் ரிப்போர்ட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் சிபிசி, அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை. வெள்ளை அணு 14,000, அதில் லிம்போசைட் என்ற வகை 62 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், பெருக்குங்கள்: 14,000 × 62 ÷ 100 = 8,680. ஏழு வயதுக்கு இது அதிகம். இதே 62 சதவீதம் இரண்டு வயதுக் குழந்தைக்கு, மொத்தம் 10,000 இருக்கும்போது வந்தால் 6,200தான். அந்த வயதில் லிம்போசைட் கூடுதலாக இருப்பதே இயல்பு. அதனால் வயதைப் பார்க்காமல் எண்ணைப் படிக்கவே கூடாது.

அடுத்து ஸ்மியர், அதாவது கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை மெல்லியதாக இழுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. சின்ன அனலைசர்கள் மோனோவில் வரும் உருமாறிய லிம்போசைட்டுகளை 'மிட்' (நடுத்தர அளவு அணுக்கள்) கணக்கில் சேர்த்துவிடும், ஆகவே கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில் ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்மியர் இழுத்துவிடுங்கள். தாமதித்தால் நல்ல லிம்போசைட்டும் உருமாறி நம்மை ஏமாற்றும். லீஷ்மேன் சாயம் போட்டு, சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் நூறு வெள்ளை அணுக்களை எண்ணுங்கள்.

இப்படி நோயால் உருமாறிய லிம்போசைட்டைத்தான் ஏடிபிக்கல் லிம்போசைட் என்கிறோம், ஒருமுறை பார்த்தால் மறக்காது. பெரிய அணு, வெளிறிய நீலத்தில் தாராளமான சைட்டோபிளாசம். பக்கத்துச் சிவப்பணு இடிக்கும் இடத்தில் அதன் ஓரம் உள்வாங்கி, சிவப்பணுவை அணைத்தபடி வளைந்து போகும். அந்த விளிம்பில் மட்டும் நீலம் அடர்ந்திருக்கும். பையனுக்கு நூறில் 18 இருந்தது. லிம்போசைட் 50 சதவீதமும் ஏடிபிக்கல் 10 சதவீதமும் தாண்டினால் மோனோவைச் சந்தேகிக்கலாம் என்பது பழைய கணக்கு. சின்னக் குழந்தைகளில் அது அவ்வளவு கைகொடுக்காது.

டெங்குவிலும் இந்த அணுக்கள் வரும். ஆனால் அதில் பொதுவாக மொத்த வெள்ளை அணு குறையும், பிளேட்லெட் வேகமாக இறங்கும். மோனோவில் பிளேட்லெட் பெரும்பாலும் கொஞ்சம்தான் குறையும். இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. மோனோ அணுக்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல, உட்கருவில் நைசான குரோமாட்டினும் (மரபுப்பொருள்) நியூக்ளியோலஸும் (உட்கருவுக்குள் தெரியும் சிறு புள்ளி) தெரிந்தால், கூடவே ஹீமோகுளோபினும் குறைந்திருந்தால், பிளாஸ்ட்டாக, அதாவது ரத்தப் புற்றுநோயில் வரும் முதிராத அணுவாக இருக்கலாம். ரிப்போர்ட் அடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

ரிப்போர்ட்டில் நோயின் பெயரை எழுதக் கூடாது. "ஏடிபிக்கல் லிம்போசைட் 18%" என்று மட்டும் எழுதினேன். மோனோவுக்கான துரித டெஸ்ட்டான மோனோஸ்பாட் நாலு வயதுக்குக் கீழே பல நேரம் நெகட்டிவ் காட்டும் என்பதால், டாக்டர்கள் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான விசிஏ ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி டெஸ்ட்டைக் கேட்பதுண்டு. பையனின் டாக்டரும் அதையே கேட்டார், பாசிட்டிவ். மண்ணீரல் வீங்கியிருந்ததால் ஒரு மாதம் கபடி வேண்டாம் என்றும், தடிப்பு வரும் என்பதால் அமாக்சிசிலின் கொடுக்க வேண்டாம் என்றும் அந்த அக்காவிடம் சொல்லி அனுப்பினார்.