காய்கறி போட எந்த இடம் சரிப்படும்?

விதை, தொட்டி, உரம் எல்லாம் அப்புறம். முதலில் வெயில். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை மாதிரி காய்க்கிற செடிகளுக்குத் தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும், 8 கிடைத்தால் இன்னும் நல்லது. கீரையும் புதினாவும் 3, 4 மணி நேரத்திலேயே சமாளித்துக்கொள்ளும். வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று கண்ணை நம்பி இறங்காதீர்கள். ஒரு லீவு நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை மணிக்கு ஒரு தடவை அந்த இடத்தை போனில் படம் எடுத்தால், சுவரும் மரமும் எவ்வளவு வெயிலைத் தின்கின்றன என்று தெரிந்துவிடும். சூரியன் போகும் பாதை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், இன்று பார்த்த கணக்கு ஆறு மாதம் கழித்துப் பொருந்தாமலும் போகலாம்.

அடுத்தது தண்ணீர். குழாய் பக்கத்திலேயே இருக்கட்டும். 10 லிட்டர் வாளி என்றால் 10 கிலோ, கோடையில் தொட்டிச் செடிக்கு இரண்டு வேளைகூட ஊற்ற வேண்டி வரும், எத்தனை நாள் தூக்குவீர்கள்?

தரையில் போடுவதானால் ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்கவில்லையென்றால் வேர் அழுகும், அங்கே மேட்டுப்பாத்திதான் சரி. பெரிய மரத்தின் வேர் கிளைகளின் நிழலையும் தாண்டி ஓடும், அதனால் தள்ளியே இருங்கள். பழைய பெயின்ட் உரிகிற சுவரோரம், வண்டிகள் ஓயாமல் போகிற சாலையோரம் இரண்டிலும் மண்ணில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பரிசோதிக்காமல் அங்கே கீரை, கிழங்கு எதுவும் வேண்டாம்.

மொட்டை மாடி என்றால் எடை. ஒரு சதுர மீட்டரில் 30 செ.மீ. உயரத்துக்கு ஈரமண் போட்டால் அரை டன் பக்கம் வந்துவிடும் (இதைக் கேட்டதும் பலரும் நம்ப மாட்டார்கள்). எடை குறைந்த கலவையைப் பயன்படுத்துங்கள், தொட்டிகளை நடுவில் குவிக்காமல் சுவர், பீம் ஓரமாக வையுங்கள், நிறைய வைப்பதாக இருந்தால் கட்டட இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காற்று பலமாக அடித்தால் ஒரு வலைத்தடுப்பு போதும்.

பக்கத்தில் காலி மனை கிடைக்கிறதா? முன்பு அங்கே பட்டறையோ குப்பைமேடோ இருந்ததா என்று விசாரியுங்கள். உரிமையாளரிடம் எத்தனை மாதம் என்பதை எழுதி வாங்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள். காய்க்கிற நேரத்தில் காலி செய்யச் சொன்னால் ஒன்றும் பேச முடியாது.