வெளிநாட்டில் தலைப்பிரசவம்: வேலூர்ப் பக்கத்துத் தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். வேலூர், ஆம்பூர், குடியாத்தம், ராணிப்பேட்டைப் பகுதிகளிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வேலைக்குச் சென்ற இளம் தம்பதியர் பலருக்கு, விடுப்பு கிடைக்காமலோ விசா சிக்கலாலோ, அந்த வழக்கம் இன்று கைகூடுவதில்லை. தொட்டிலுக்கும் துணிமணிக்கும் காட்டும் அக்கறையில் பாதியை ஆவணங்களுக்கும் நாள்கணக்குக்கும் காட்டினால், பின்னால் வரும் அலைச்சலில் பெரும்பகுதி குறையும். "குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு.

திருமணச் சான்றிதழிலிருந்தே இது தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2009 முதல் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம் என்றாலும், கோயில் ரசீதும் மண்டப ஆல்பமும் போதும் என்று விட்டுவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் பிறப்புச் சான்றிதழ் பெறப் பெற்றோரின் திருமணச் சான்றிதழையும், அதுவும் முறைப்படி சான்றொப்பம் பெற்றதைத்தான், கேட்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது ஊருக்கு வந்து சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்பது எளிதல்ல. கருவுறும் முன்பே முடித்துவிட வேண்டிய வேலை இது.

அடுத்தது வளைகாப்புப் பயணம். ஏழாம் மாதத்தில் ஊரில் வளையல் அடுக்கிவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்று பயணச்சீட்டு எடுக்கிறார்கள். ஏழாம் மாதம் என்பது மருத்துவக் கணக்கில் ஏறத்தாழ 28 வாரம். பல விமான நிறுவனங்கள் அந்தக் கட்டத்துக்குப் பிறகு மருத்துவரின் சான்றைக் கேட்கும். 36 வாரம் கடந்தால் பெரும்பாலும் ஏற்றிக்கொள்வதில்லை, இரட்டைக் குழந்தை என்றால் வரம்பு இன்னும் முன்பே வந்துவிடும். மாதம் சரியில்லை, தை பிறக்கட்டும் என்று பெரியவர்கள் இரண்டு வாரம் தள்ளிவைத்தால் திரும்பும் பயணமே கேள்விக்குறியாகிவிடும். வளைகாப்பை ஐந்தாம் மாதத்திலேயே வைத்துக்கொள்வதிலோ, இருக்கும் ஊரிலேயே நண்பர்களோடு எளிமையாக நடத்துவதிலோ எந்தக் குறையும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பரிசோதனை முடிவுகளைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. இங்கே ஹீமோகுளோபினை 11.2 என்று எழுதுவார்கள். பிரிட்டனில் அதே அளவு 112 என்று வரும். இங்கே 140 என்று வரும் சர்க்கரை அளவு அங்கே 7.8 ஆகும். அலகு வேறு என்பது தெரியாமல், வாட்ஸ்அப்பில் வந்த தாளைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் கவலைப்படும் பெற்றோரும், நல்ல அளவுதான் என்று தவறாக எண்ணிக் கவனிக்காமல் விடும் தம்பதியரும் உண்டு. எண்ணோடு அலகையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் தொடக்கத்தில் எடுத்த இரத்த வகை, ஸ்கேன் தாள்களின் நகல்களைக் கையோடு கொண்டுபோங்கள். தாய்க்கு நெகட்டிவ் இரத்த வகை என்றால் வழக்கமாக 28-ஆம் வாரத்தில் போடும் ஆன்டி-டி ஊசி (தாயின் உடல் குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகச் செயல்படாமல் தடுப்பது), பயண இடைவெளியில் தவறிவிடக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையான விளைவு தரக்கூடியது குடியுரிமை. அமீரகத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்ததால் மட்டும் இந்தியப் பெற்றோரின் குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்காது. குழந்தை தானாகவே இந்தியர் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு வம்சாவளியில் இந்தியக் குடியுரிமை வேண்டுமானால், வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்ற உறுதிமொழியுடன், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் அனுமதி பெற்றாக வேண்டும். படிவத்தை நிரப்பும்போது பெற்றோரின் பெயரையும் பிறந்த ஊரையும் அவரவர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். ஆம்பூர்க்காரரின் பழைய சான்றிதழில் வட ஆற்காடு என்றோ வேலூர் மாவட்டம் என்றோ இருக்கும், 2019-க்குப் பிறகு அது திருப்பத்தூர் மாவட்டம். இதைத் தாமாகத் திருத்தி எழுதினால் தாளுக்குத் தாள் முரண்படும்.

குழந்தையின் பெயரையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைப்பது நம் முறை. அமெரிக்காவில் வீட்டுக்கு அனுப்பும் முன்பே மருத்துவமனையில் பிறப்புப் படிவத்தை எழுதி வாங்கிவிடுவார்கள். தந்தை பெயரை இனிஷியலாக மட்டும் வைத்திருக்கும் நாம், கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று அங்கே உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. அந்நாட்டில் வேலை வழியே மருத்துவக் காப்பீடு பெற்றவர்கள் குழந்தையை அதில் சேர்க்கப் பொதுவாக 30 நாள்தான் அவகாசம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உதவிக்கு வரும் அம்மாவின் கடவுச்சீட்டு, விசா வேலைகளை நான்காம் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். அவர் கட்டிக்கொண்டு வரும் பையையும் அன்போடு ஒருமுறை பாருங்கள். சுக்கு, பூண்டு, பனங்கற்கண்டு ஆகியவை தாயின் பத்தியச் சமையலுக்கு நல்லவைதான். சேனை வைக்கத் தேன் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோய் வர வாய்ப்புண்டு. கடையில் வாங்கும் கண்மையில் ஈயம் கலந்திருக்கலாம். வசம்பு உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். அமெரிக்கா அதை உணவுப் பொருளில் சேர்க்கவே தடை செய்திருக்கிறது. சாம்பிராணிப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது, அடுக்ககத்தில் தீ எச்சரிக்கை மணியையும் அலற வைக்கும். இவற்றை அம்மா வந்து இறங்கிய பிறகு மருமகனோ மகளோ மறுத்துச் சொன்னால் மனம் வருந்தும். அவர் ஊரில் இருக்கும்போதே, தெரிந்த குழந்தை மருத்துவர் ஒருவர் வாயால் சொல்ல வைப்பது நல்லது.

திருப்பதியிலோ ரத்தினகிரியிலோ முதல் மொட்டைக்கு நாள் குறிக்கும் தாத்தா பாட்டியிடமும் ஒன்றைச் சொல்லிவையுங்கள். அமெரிக்காவில் பிறந்து அந்நாட்டுக் கடவுச்சீட்டு பெற்ற குழந்தை இந்தியாவுக்குள் வர விசாவோ ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வேண்டும். அது கைக்கு வந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.