அமெரிக்க மாநில கவர்னர், வாஷிங்டன்ல இருக்குற மத்திய அரசு குடுக்குற காசை வச்சு என்ன அரசியல் பண்றார்னு கண்டுபிடிக்குறது எப்படி

முதல்ல நம்மூர் ஆளுநரை மனசுல வச்சுக்கிட்டு இதைப் படிக்காதீங்க, அங்க கவர்னர்னா ஓட்டு கேட்டு ஜெயிச்சு வர்ற ஆளு, கிட்டத்தட்ட நம்ம முதலமைச்சர் மாதிரி.

மானியம் வந்துச்சுன்னா நியூஸ்ல எத்தனை பில்லியன்னுதான் பெருசா போடுவாங்க, அதை விடுங்க. அந்தக் காசை வாங்கவும் செலவு பண்ணவும் யார் ஓகே சொல்லணும், சட்டசபையா இல்ல கவர்னர் கையெழுத்தே போதுமான்னு பாருங்க, பாதி விஷயம் அங்கயே புரிஞ்சிடும்.

ஒஹையோவுல 2013ல நடந்ததைப் பாருங்க. கவர்னர் ஜான் கேசிக் ரிபப்ளிகன், சட்டசபையும் அவர் கட்சிதான், ஆனா ஒபாமாகேர்ங்கிற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துல வர்ற காசுல, மெடிகெய்டை, அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை, விரிவாக்கணும்னு இவர் ஆசைப்பட்டார், புதுசா சேர்றவங்க செலவு முதல் மூணு வருஷம் 100% வாஷிங்டன் தலையில, யாருக்குத்தான் விட மனசு வரும்? சட்டசபை, விரிவாக்கம் கூடாதுன்னு பட்ஜெட்டுக்குள்ளயே ஒரு வாசகத்தை சொருகிச்சு, இவர் அந்த வாசகத்தை மட்டும் வீட்டோ பண்ணிட்டு (கவர்னர் அதிகாரத்துல ரத்து பண்ணிட்டு) அக்டோபர்ல, மாநிலச் செலவுக்கு ஓகே சொல்ற கன்ட்ரோலிங் போர்டுன்னு ஒரு ஏழு பேர் குழுகிட்ட போனார். 5-2ல காசு பாஸ். கேஸ் போட்டாங்க, ஒஹையோ சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிடுச்சு.

அடுத்து, மானியத்துல கண்டிஷன் எவ்வளவு இறுக்கம்னு பாருங்க. 2020 கோவிட் சட்டத்துல கல்விக்குன்னு 3 பில்லியன் டாலரை நேரா கவர்னர்கள் கையிலயே குடுத்தாங்க. சவுத் கரோலைனா கவர்னர் மெக்மாஸ்டர் அதுல 32 மில்லியனை பிரைவேட் ஸ்கூல் ஃபீஸுக்கு ஒதுக்கினார், மாநில அரசியல் சாசனம் இடம் குடுக்கலன்னு கோர்ட் நிறுத்திடுச்சு. சோ மத்திய ரூலை மட்டும் படிச்சா பத்தாது.

வேணாம்னு சொல்றதும் அரசியல்தான். 2011ல ஃப்ளோரிடா கவர்னர் ரிக் ஸ்காட் டாம்பா-ஆர்லாண்டோ ரயிலுக்கு வந்த 2.4 பில்லியனை வேணாம்னுட்டார், அந்தக் காசு வேற மாநிலங்களுக்குத்தான் போச்சு.

கடைசியா, மானியக் காசுக்கு வர்ற வட்டி எங்க போகுதுன்னு பாருங்க, இதை நிறைய பேர் பார்க்கவே மாட்டாங்க. 2022ல டெக்சாஸ்ல இருந்து ஏறக்குறைய 50 வெனிசுலாக்காரங்களை பிளேன்ல ஏத்தி மாசசூசெட்ஸ்ல இருக்குற மார்த்தாஸ் வின்யார்ட் தீவுல இறக்கினாரே அப்போதைய ஃப்ளோரிடா கவர்னர் டிசான்டிஸ், அந்தத் திட்டத்துக்கு ஃப்ளோரிடா ஒதுக்கின 12 மில்லியன், கோவிட் நிவாரணக் காசு பேங்க்ல இருந்தப்ப வந்த வட்டி.