வெளிநாட்டு தீம் பார்க் பயணம்: செலவை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கோடை விடுமுறைக்கு வெளிநாட்டு தீம் பார்க் ஒன்றுக்குப் போகலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தவுடன் எல்லோரும் முதலில் தேடுவது நுழைவுச்சீட்டின் விலையைத்தான். சென்னையிலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்துக்கு அந்த விலை மொத்தச் செலவில் ஒரு பங்கு மட்டுமே என்பதும், சீட்டில் மிச்சமாகும் பணத்தை விசாவோ விடுதியோ விழுங்கிவிடக்கூடும் என்பதும் உட்கார்ந்து கணக்கு எழுதும்போதுதான் புலப்படும். எனவே வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து திரும்பி வந்து திறப்பது வரை ஆகும் செலவு முழுவதையும் எழுதி, அதைப் பூங்காவுக்குள் கழிக்கப்போகும் நாட்களால் வகுத்துப் பார்ப்பதே சரியான ஒப்பீடு. அதை எப்படிச் செய்வது என்பதைக் கணவன், மனைவி, 10 வயது மகள், 66 வயதுப் பாட்டி என நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

முதலில் நாட்களை முடிவு செய்ய வேண்டும். உலகில் டிஸ்னியின் பூங்கா வளாகங்கள் ஆறு இடங்களில் உள்ளன. அமெரிக்காவில் உள்ள அனஹைம் 1955-லும், அதே நாட்டின் ஆர்லாண்டோ 1971-லும், டோக்கியோ 1983-லும், பாரிஸ் 1992-லும், ஹாங்காங் 2005-லும், ஷாங்காய் 2016-லும் திறக்கப்பட்டன. பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றல்ல. ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் ஒவ்வொரு பூங்காதான். அனஹைம், டோக்கியோ, பாரிஸ் ஆகியவற்றில் இரண்டிரண்டு. ஆர்லாண்டோவில் நான்கு பூங்காக்களும் அவற்றுக்கு மேல் இரண்டு நீர்ப் பூங்காக்களும் உண்டு. அதே ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனமும் 2025 மே மாதத்தில் எபிக் யுனிவர்ஸ் என்ற புதிய பூங்காவைத் திறந்திருக்கிறது. ஹாங்காங்கை ஒன்றரை நாளில் நிறைவாகப் பார்த்துவிடலாம்; ஆர்லாண்டோவுக்கு ஒரு வாரம் கூடப் போதாது. ஒரு நாள் சீட்டின் விலையை ஒரு நாள் சீட்டின் விலையோடு ஒப்பிடுவது இதனாலேயே பொருந்தாமல் போகிறது.

அடுத்து, ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில், எத்தனை நாள் தங்கினாலும் மாறாத செலவுகளை எழுதுங்கள்: விமானம், விசா, பயணக் காப்பீடு, விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போய்வரும் செலவு. வலப்பக்கத்தில், நாளுக்கு நாள் கூடும் செலவுகளை எழுதுங்கள்: அறை, நுழைவு, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து. இடப்பக்கத்தில் பலரும் குறைத்து மதிப்பிடுவது விசாவைத்தான். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கான கட்டணம் 2023 ஜூன் முதல் ஆளுக்கு 185 டாலர்; குழந்தைக்கும் அதே தொகைதான் என்பதால் நம் குடும்பத்துக்கு 740 டாலர் ஆகிறது, விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது. பாரிஸுக்குப் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ என்பதால் மொத்தம் 315 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். சிங்கப்பூருக்கு விசாக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர்தான். ஹாங்காங்குக்கோ இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டால் போதும், அதற்குக் கட்டணம் இல்லை.

தாளின் இந்த இரண்டு பக்கங்களையும் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் தொகைகள் முறையைக் காட்டுவதற்காக நானே வைத்துக்கொண்டவை. ஹாங்காங்குக்கு ஆளுக்கு மாறாச் செலவு 40,000 ரூபாய், நாள் செலவு 15,000 ரூபாய் என்று கொண்டால், இரண்டு நாளுக்கு 70,000 ஆகிறது. அதாவது ஒரு நாளுக்கு 35,000. ஆர்லாண்டோவுக்கு மாறாச் செலவு 1,30,000, நாள் செலவு 20,000 என்று கொண்டால், இரண்டே நாளில் திரும்பும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 85,000 ஆகும். ஏழு நாள் தங்குபவருக்கு அது 38,600-க்குக் கீழே இறங்கிவிடும். நாள் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகத் தெரிந்தாலும், பையிலிருந்து போவது ஆளுக்கு 70,000-க்குப் பதிலாக 2,70,000 என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு வேறு காரணமாகப் போகிறவர்களுக்கு, உதாரணமாக அங்கே வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோருக்கு, இடப்பக்கத்துச் செலவு முன்பே ஆகிவிட்டது என்பதால் கணக்கு தலைகீழாக மாறும்.

இப்போது நுழைவுச்சீட்டுக்கு வருவோம். இதில் பார்க்க வேண்டியவை தேதியும் வயதும். டோக்கியோவில் 2023 அக்டோபரில் வந்த விலைப்படி, பெரியவர் ஒருவருக்கான ஒரு நாள் சீட்டு நாளைப் பொறுத்து 7,900 முதல் 10,900 யென் வரை. 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைக்கு 4,700 முதல் 5,600 யென் வரை. நம் நால்வருக்கும் மலிவான நாளில் 28,400 யென், விலை உச்சத்தில் உள்ள நாளில் 38,300 யென். அனஹைமில் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட விலைகளில் ஒரு நாள் சீட்டு 104 டாலரில் தொடங்கி 206 டாலரில் முடிந்தது. தேதியைத் தவறாகத் தேர்ந்தெடுப்பவர் ஏறக்குறைய இரு மடங்கு கொடுக்கிறார். இதில் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் 10 வயதிலிருந்தே பெரியவர் விலைதான். நம் மகள் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஹாங்காங்கிலும் குழந்தை; அமெரிக்காவில் பெரியவள். பாட்டிக்கு அமெரிக்காவில் முதியோர் சலுகை கிடையாது. ஹாங்காங்கிலோ 65 வயது கடந்தவர்களுக்குப் பல ஆண்டுகளாக 100 ஹாங்காங் டாலர்தான் நுழைவுக் கட்டணமாக இருந்து வருகிறது. மூன்று தலைமுறையாகப் புறப்படும் குடும்பங்கள் ஹாங்காங்கை ஒருமுறை கணக்கில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

விடுதிகளை ஒப்பிடும்போது அறை வாடகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாரிஸ் டிஸ்னியின் சொந்த விடுதிகள் பெரும்பாலும் நுழைவுச்சீட்டோடு சேர்த்தே விற்கப்படுகின்றன. அந்தத் தொகையை டோக்கியோவின் வெறும் அறை வாடகையோடு வைத்துப் பார்த்துவிட்டு, பாரிஸ் தாங்காது என்று ஒதுக்குவது பிழை. ஆர்லாண்டோவில் யுனிவர்சலின் போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று விடுதிகளில் தங்குபவர்களுக்கு, அந்நிறுவனத்தின் பழைய இரண்டு பூங்காக்களிலும் வரிசையைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் அனுமதி அறையோடு சேர்ந்து கிடைக்கிறது. எபிக் யுனிவர்ஸுக்கு அது செல்லாது. வந்து சேரும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் அது உண்டு என்பதால், ஓர் இரவு தங்கினால் நால்வருக்கும் இரண்டு நாள் எக்ஸ்பிரஸ் கிடைத்துவிடுகிறது. தனியாக வாங்கினால் கூட்ட நாட்களில் அதன் விலை நுழைவுச்சீட்டையே மிஞ்சும். வெளிப்பார்வைக்கு விலை கூடிய அந்த அறை, கூட்டிக் கழித்துப் பார்த்தால் சில நேரம் மலிவாக முடிவதுண்டு. அமெரிக்க விடுதிகளின் வாடகை வரி சேர்க்காமல் காட்டப்படும் என்பதையும் கவனிக்க வேண்டும், ஆர்லாண்டோவில் 12.5 சதவீதமும் அனஹைமில் 15 சதவீதமும் கூடுதலாக வரும்.

வரிசையும் ஒரு செலவுதான். வரிசையைக் குறைக்க டிஸ்னி 1999-ல் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ் என்ற அனுமதி இலவசமாக இருந்தது. இன்று அதன் இடத்தில் இருப்பவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டும். டோக்கியோவில் ஒரு சவாரிக்கு ஆளுக்கு 1,500 முதல் 2,500 யென் வரை ஆகும். சராசரியாக 2,000 என்று வைத்து மூன்று சவாரிக்கு நால்வருக்கும் வாங்கினால் 24,000 யென். மலிவான நாளின் நுழைவுக்கே 28,400 தான் ஆனது என்பதை நினைவில் வையுங்கள். பாட்டி ராட்டினத்தில் ஏறமாட்டார் என்று கழித்தால் 18,000. இதை வாங்கும் முன் பிள்ளையின் உயரத்தையும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆர்லாண்டோவின் ஸ்பேஸ் மவுண்டனில் ஏற 112 செ.மீ. உயரம் வேண்டும், வாசலில் அளவுகோலுக்குக் கீழே நின்று விரல்கடை அளவு குறைந்துபோன பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது பணம் போனதைவிடக் கஷ்டம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, வெளி உணவை உள்ளே விடுவார்களா என்பதே கேள்வி. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் கண்ணாடிப் பாத்திரம், மது போன்றவை இல்லாதவரை கட்டுச்சோறு கொண்டுபோகலாம். கவுண்ட்டரில் கேட்டால் குளிர்ந்த நீரும் இலவசமாகத் தருவார்கள். டோக்கியோவில் அனுமதி இல்லை. வாயிலுக்கு வெளியே உள்ள இடத்தில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போக வேண்டும். சுத்த சைவக் குடும்பத்துக்கு இந்த ஒரு விதி நாள் செலவையே மாற்றும்.

போக்குவரத்தில் பாரிஸ், டோக்கியோ, ஹாங்காங் மூன்றும் ரயிலிலேயே போய் இறங்கக்கூடியவை. பாரிஸ் நகரத்திலிருந்து பூங்கா வாசல் வரை ஒரு பயணத்துக்கு 2025-ல் 2.50 யூரோவாக இருந்தது. ஆர்லாண்டோவில் கார் வேண்டும். டிஸ்னி பூங்காவின் வண்டி நிறுத்தக் கட்டணமே 2024-ல் நாளுக்கு 30 டாலராக இருந்தது.

எல்லாவற்றையும் எழுதியபின் ஒரே நாளின் மாற்று விகிதத்தில் ரூபாயாக்குங்கள். இணையத்தில் காணும் விகிதம் உங்கள் வங்கி அட்டைக்குக் கிடைக்காது. 3.5 சதவீதக் கூடுதல் கட்டணமும் அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும் அட்டையில் ஒரு லட்ச ரூபாய்ச் செலவுக்கு 4,130 ரூபாய் கூடுகிறது. முகவரிடம் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். என்ற மூல வசூல் வரியும் சேரும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றாலும், புறப்படும் மாதத்தில் அந்தப் பணம் கையில் இருக்க வேண்டும்.

முகவரின் தொகுப்பைத் தனிப் பயணத்தோடு ஒப்பிடும்போது மணி நேரத்தைக் கேளுங்கள். நாங்கள் ஒருமுறை வாங்கிய தொகுப்பில் "டிஸ்னிலேண்ட், முழு நாள்" என்று அச்சிட்டிருந்தது. பேருந்து எங்களைப் பதினொரு மணிக்கு இறக்கிவிட்டு மாலை ஆறரைக்கு வாசலில் வந்து நின்றது. வாணவேடிக்கை ஒன்பது மணிக்கு. முழு விலைச் சீட்டில் ஏழரை மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைத்தது. அதன்பின் பூங்கா திறக்கும் நேரம், மூடும் நேரம், பேருந்து வரும் நேரம் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்காமல் நான் முன்பணம் கொடுப்பதில்லை.

கணக்கு முடிந்து இடம் முடிவானபின், விசா கையில் வரும் வரை தேதியிட்ட நுழைவுச்சீட்டை வாங்காதீர்கள். தேதியிட்ட சீட்டுகளில் பல பணம் திரும்பாதவை. அறையை மட்டும், கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு, முன்னதாகப் பதிவு செய்துகொள்ளலாம்.