வேறொரு சர்வரில் உள்ள அட்டவணையை உங்கள் எஸ்க்யூஎல் வினவலில் சேர்ப்பது எப்படி?

விற்பனைக் கணக்கு ஒரு சர்வரிலும் கிடங்கின் சரக்கிருப்பு இன்னொரு சர்வரிலும் இருக்கும் நிறுவனங்களில், இரண்டையும் எக்செல் கோப்புகளாக இறக்கிக் கையால் ஒப்பிடும் வழக்கம் இன்றும் உண்டு. இரண்டும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களாக இருந்தால் இந்தச் சிரமம் தேவையில்லை. 2013இல் வெளியான 9.3 பதிப்பிலிருந்து அதனுடனேயே வரும் 'போஸ்ட்கிரெஸ் எஃப்டிடபிள்யூ' (ஃபாரின் டேட்டா ராப்பர்) என்னும் நீட்சி, அடுத்த கணினியில் உள்ள அட்டவணையை உங்கள் தரவுத்தளத்தில் இருப்பதைப் போலவே வினவ வழிசெய்கிறது.

முதலில், விற்பனை சர்வரிலிருந்து போஸ்ட்கிரெஸ் வழக்கமாகப் பயன்படுத்தும், கிடங்கு சர்வரின் 5432ஆம் போர்ட்டுக்கு இணைப்புக் கிடைக்கிறதா என்று சோதியுங்கள். கிடங்கு சர்வரில் படிக்கும் உரிமை மட்டும் கொண்ட தனிப் பயனரை உருவாக்குங்கள். இந்த நீட்சி வழியாக எழுதவும் அழிக்கவும் முடியும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. பிறகு விற்பனை சர்வரில் 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்' கட்டளையால் நீட்சியை நிறுவி, 'கிரியேட் சர்வர்' கட்டளையில் முகவரியையும் தரவுத்தளப் பெயரையும், 'கிரியேட் யூசர் மேப்பிங்' கட்டளையில் அந்தப் பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். கடைசியாக 'இம்போர்ட் ஃபாரின் ஸ்கீமா' கட்டளையால், வேண்டிய அட்டவணைகளை மட்டும் ஒரு தனி ஸ்கீமாவுக்குள், அதாவது அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் பிரிவுக்குள், கொண்டுவாருங்கள்.

இனி வினவல் ஓடும்; ஆனால் அது எங்கே ஓடுகிறது என்பதில்தான் வேகம் அடங்கியிருக்கிறது. வினவலுக்கு முன் 'எக்ஸ்பிளெய்ன் வெர்போஸ்' சேர்த்து இயக்கி, 'ரிமோட் எஸ்க்யூஎல்' என்ற வரியைப் படியுங்கள். கிடங்கு சர்வருக்கு உண்மையில் அனுப்பப்படும் வினவல் அதுதான். நேற்றிலிருந்து நடந்த சரக்குப் பெயர்ச்சியைக் கேட்டு, நிபந்தனையில் தற்போதைய நேரத்தைத் தரும் 'நவ்' செயற்கூற்றை எழுதியிருந்தால், அந்த நிபந்தனை 'ரிமோட் எஸ்க்யூஎல்' வரியில் இருக்காது. நேரத்தைப் பொறுத்து மாறும் செயற்கூறுகளை இந்த நீட்சி மறுபக்கம் அனுப்புவதில்லை. விளைவாக, முழு அட்டவணையும் நெட்வொர்க் வழியே வந்து, இங்கேதான் வடிகட்டப்படும். தேதியை நேரடியாக எழுதினால் நிபந்தனையும் சேர்ந்தே சென்று, தேவையான வரிசைகள் மட்டும் திரும்பிவரும். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் எந்த அறிக்கையையும் நேரலைக்கு அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்போதும் மெதுவாக இருந்தால், இப்படிக் கொண்டுவந்த வெளி அட்டவணைகளுக்கு, அவற்றின் புள்ளிவிவரங்களைச் சேகரிக்கும் 'அனலைஸ்' கட்டளையை நீங்களே இயக்க வேண்டும், ஏனெனில் பின்னணியில் தானாக இயங்கும் பராமரிப்புப் பணியான ஆட்டோவேக்யூம் அவற்றைத் தொடுவதில்லை. ஒரே தடவையில் 100 வரிசைகளை எடுக்கும் 'ஃபெட்ச் சைஸ்' அளவைச் சில ஆயிரமாக உயர்த்துவதும் பெரிய அறிக்கைகளுக்கு உதவும்.

கிடங்குத் தரப்பில் புதிய நெடுவரிசை சேர்க்கப்பட்டால் அது இங்கே தானாக வராது. வெளி அட்டவணையை நீங்கள்தான் திருத்த வேண்டும். நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் அறிக்கை என்றால், வினவலின் விடையைச் சேமித்து வைக்கும் ஒரு மெட்டீரியலைஸ்டு வியூ அமைத்து இரவில் புதுப்பித்தால் போதும். பகல் நேரத்தில் கிடங்கு சர்வரின் மீது சுமை ஏறாது.