சட்டத்தின் பெயரை நம்பாதீர்கள்: பழைய சபைச் சட்டங்களைப் படிக்கும் முறை

தருமபுரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் படிக்க வருவார்கள். தபால் வழியில் எம்.ஏ. வரலாறு எழுதுகிறவர்கள். அமெரிக்க வரலாற்றுத் தாளில் அவர்களை அதிகம் மிரட்டுவது, சுதந்திரத்துக்கு முந்தைய ஆங்கிலேயக் குடியேற்றங்களின் மதச் சட்டங்கள்தான். ஆண்டையும் பெயரையும் உருப்போட்டு வந்துவிடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். மேரிலாந்தின் 1649ஆம் ஆண்டுச் சட்டத்தை, 'எல்லா மதத்தினருக்கும் சுதந்திரம் தந்த சட்டம்' என்று பல வருஷம் நோட்ஸ் கொடுத்தவள் நான். அரூரிலிருந்து வந்த ஒரு பையன், "அப்போ யூதர்களுக்கும் சேர்த்தா மிஸ்?" என்றான். தெரியவில்லை. "சிலபஸ்ல இல்லாததைக் கேட்காதே" என்று சமாளித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வராமல் சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தால், முதல் பிரிவே மரண தண்டனை! இயேசு கடவுளின் மகன் இல்லை என்றாலோ, தந்தை, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை மறுத்தாலோ உயிரும் போகும், சொத்தும் போகும். ஜேக்கப் லும்ப்ரோசோ என்ற யூத வைத்தியர் 1658ல் இந்தச் சட்டத்தில்தான் மாட்டினார். பொதுமன்னிப்பு ஒன்று வந்ததால் தப்பினார். அடுத்த வாரம் அந்தப் பையனிடம் "நீ கேட்டது சரி" என்று சொல்லி, எல்லோருடைய நோட்டிலும் அந்த வரியை அடிக்க வைத்தேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு படிப்பு முறை வந்துவிட்டது. மூன்று நிறப் பேனா வேண்டும். தண்டனைக்குக் கறுப்பு, பணத்துக்குச் சிவப்பு, லைசென்ஸுக்கு நீலம்.

தொடங்குவதற்கு முன் இரண்டு சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். பாடநூல் 'நிறுவப்பட்ட திருச்சபை' என்று சொல்வதை நான் அரசுச் சபை என்பேன். அரசு சட்டம் போட்டு, வரி வாங்கிச் சோறு போடுகிற சபை. வர்ஜீனியாவில் அது இங்கிலாந்து திருச்சபை. மாசசூசெட்ஸில், இங்கிலாந்து திருச்சபையைச் சுத்தப்படுத்தக் கிளம்பிய ப்யூரிட்டன்களின் சபை. பாடநூலில் 'மறுப்பாளர்' என்று வருகிறவர்களை நாத்திகர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், க்வேக்கர் என்று அரசுச் சபைக்கு வெளியே நின்ற கிறிஸ்தவர்கள் அவர்கள். ஓர் இடத்தில் அரசுச் சபையாக இருப்பது இன்னோர் இடத்தில் மறுப்பாளர் ஆகிவிடும். அதனால் எந்த ஊர்ச் சட்டம் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

சரி, கறுப்புப் பேனா. தலைப்பையும் முன்னுரையையும் விட்டுவிட்டு தண்டனைகளை மட்டும் தேடுங்கள். மேரிலாந்து சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு ஒன்று உண்டு. ஒருவரை இழிவுபடுத்தி 'ப்யூரிட்டன்', 'ஜெஸ்யூட்', 'லுத்தரன்', 'கால்வினிஸ்ட்' என்றெல்லாம் திட்டக் கூடாது என்று ஒரு நீண்ட வசைப் பட்டியலே போட்டிருக்கிறார்கள். திட்டினால் பத்து ஷில்லிங் அபராதம். அதில் பாதி, திட்டு வாங்கியவருக்கு. கட்ட முடியாவிட்டால் சவுக்கடி. பிறகு அவரிடம் எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்கும்வரை சிறை. அந்த ஊர்த் தெருவில் என்ன வார்த்தைகள் பறந்தன என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கிறிஸ்துவை நம்புகிற யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்ல வரி இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. மாசசூசெட்ஸில் பட்டியலே தேவைப்படாது. நாடு கடத்தியும் திரும்பி வருகிற க்வேக்கருக்குத் தூக்கு என்று 1658ல் சட்டம். 1660 ஜூன் 1 அன்று மேரி டையர் என்ற க்வேக்கர் பெண் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார்.

சிவப்புப் பேனாவில்தான் மாணவர்கள் சோம்பல்படுகிறார்கள். எனக்கோ சட்டத்தின் உயிரே அங்கேதான். நம் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள் இல்லையா? அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேரிலாந்தில் இங்கிலாந்து திருச்சபை அரசுச் சபையானதும் வரிக்கு உட்பட்ட ஒவ்வொரு தலைக்கும் 40 ராத்தல் புகையிலை. க்வேக்கரும் கட்டணும், கத்தோலிக்கரும் கட்டணும். (எடைக்கு ராத்தல், காசுக்கு பவுண்டு என்று எழுதுங்கள், இரண்டுக்கும் பவுண்டு என்று எழுதி விடைத்தாளில் குழம்பியவர்கள் பலர்.) ஒரு வித்தியாசம்: நம் தலைக்கட்டு என்பது குடும்பக் கணக்கு. அங்கே கணக்கு உழைக்கிற கைகளுக்கு. வர்ஜீனியாவில் பதினாறு வயதான ஆண்களோடு, அடிமைப்பட்ட பெண்களும் அந்தக் கணக்கில் உண்டு.

வர்ஜீனியாவில் போதகரின் வருஷச் சம்பளம் 16,000 ராத்தல் புகையிலை. 1758ல் விளைச்சல் பொய்த்து விலை ஏறியதும், 'ராத்தலுக்கு இரண்டு பென்ஸ் வீதம் காசாகக் கொடுத்தால் போதும்' என்று ஒரு சட்டம் போட்டார்கள். இதை நோட்டில் கணக்காகவே போட்டுப் பாருங்கள். 16,000ஐ இரண்டால் பெருக்கினால் 32,000 பென்ஸ்; 240 பென்ஸ் ஒரு பவுண்டு; ஆக 133 பவுண்டு சொச்சம். சந்தையில் அப்போது ராத்தல் ஆறு பென்ஸ் அளவில் போனது. அந்த விலைக்கு 400 பவுண்டு வந்திருக்கும். வயிறு எரியுமா எரியாதா? போதகர்கள் இங்கிலாந்து வரை போய் முறையிட்டார்கள், அரசர் சட்டத்தை ரத்து செய்தார். ஜேம்ஸ் மோரி என்ற போதகர் பாக்கியைக் கேட்டு ஹேனோவர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பில் பேசிய இளம் வக்கீல் பேட்ரிக் ஹென்றி. 1763 டிசம்பரில் ஜூரி தீர்ப்பளித்த நஷ்டஈடு ஒரு பென்னி. அரசுச் சபைமேல் ஜனங்களுக்கு இருந்த கடுப்பை அந்த ஒரு பென்னி காட்டுகிற மாதிரி எந்த உரையும் காட்டாது. சிவப்பில் வட்டம் போடுங்கள்.

நீலப் பேனாவுக்கு அடிப்படை, இங்கிலாந்தின் 1689ஆம் ஆண்டு சகிப்புச் சட்டம். மறுப்பாளர் கூடலாம், ஆனால் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கணும், கூடுமிடத்தைப் பதிவு செய்யணும், ஆராதனை நடக்கும்போது கதவைத் தாழிடக் கூடாது. பூட்டியிருந்தால் உள்ளே சதி என்று பொருள்! கத்தோலிக்கருக்கும் திரித்துவத்தை மறுப்பவர்களுக்கும் இந்தச் சலுகையும் இல்லை. சலுகை பெற்றவர்களும் அரசுச் சபைக்குத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கட்டியே ஆகணும். வர்ஜீனியாவில் சாமுவேல் டேவிஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் 1747ல் முறைப்படி லைசென்ஸ் வாங்கிப் பிரசங்கம் செய்தார். கடவுள் கொடுத்த வேலைக்கு அரசிடம் எதற்கு லைசென்ஸ் என்று நின்ற பாப்டிஸ்டுகளை 1768லிருந்து 'அமைதியைக் கெடுத்தார்கள்' என்று சிறையில் போட்டார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தால் லைசென்ஸ் என்ன செய்கிறது என்று புரியும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் 1776க்குப் போகவேண்டும். வர்ஜீனியா உரிமை அறிக்கையின் வரைவில் 'முழுச் சகிப்பு' என்றுதான் இருந்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான மேடிசன், அப்போது இருபத்தைந்து வயது, அதை மாற்றி, மதத்தைச் சுதந்திரமாகப் பின்பற்ற எல்லோருக்கும் சம உரிமை என்று எழுத வைத்தார். பக்கத்து வீட்டு மைக் செட்டை நாம் சகித்துக்கொள்கிறோம். நாளைக்கே போலீசுக்கும் போன் போடலாம். சகிப்பில் அந்தக் கை ஓங்கியே இருக்கும். இந்த விளக்கம் இல்லாமல் 1786 ஜனவரியில் நிறைவேறிய ஜெபர்சனின் மதச் சுதந்திரச் சட்டத்தைப் பற்றி எழுதினால், பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

அப்புறம் பயிற்சிக்கு அமெரிக்கா வேண்டாம், நம் சட்டங்களையே எடுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரிட்டிஷ் பார்லிமெண்ட் போட்ட 1813 சாசனச் சட்டம்: கல்கத்தா பிஷப்புக்கு வருஷம் 5,000 பவுண்டு, பிஷப்புக்கு அடுத்த நிலையிலுள்ள மூன்று ஆர்ச்டீக்கன்களுக்கு ஆளுக்கு 2,000 பவுண்டு, இந்திய வருவாயிலிருந்து. பாரமகால் என்ற நம் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதி 1792லேயே கம்பெனி கைக்குப் போய்விட்டது. ஆக நம் தாத்தன்மார் கட்டிய கிஸ்தியும் சேர்ந்த கஜானா அது. சிவப்பு. சேலம் பக்கம் வந்த லண்டன் மிஷன்காரர்கள் அந்த இங்கிலாந்துக் கணக்கில் பெரும்பாலும் மறுப்பாளர்கள். இந்தியாவிலிருந்த ஆங்கிலிக்கன் சபைக்கும் இங்கிலாந்து திருச்சபைக்கும் இருந்த சட்டத் தொடர்பை வெட்டிய இந்தியத் திருச்சபைச் சட்டம் 1927ல் வந்து, 1930ல் நடைமுறையானது.

நீலத்துக்கு 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவைத் திறங்கள். யார் திருமணம் நடத்தலாம் என்று ஐந்து வகை. பிஷப் வழியில் குருப்பட்டம் பெற்றவர் தம் சபை முறைப்படி நடத்தலாம். ஸ்காட்லாந்து சபைக் குருவும் அப்படியே. மூன்றாவது வகை, இந்த இரண்டிலும் சேராத, லைசென்ஸ் பெற்ற போதகர். போன மாதம் இதைப் படிக்கும்போது கிருஷ்ணகிரியிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து மாடிப்படிக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள். 1895ல் மிசூரி லுத்தரன் மிஷன் கிருஷ்ணகிரியில்தான் வேலையைத் தொடங்கியது; இவள் குடும்பமும் லுத்தரன் சபைதான். "அம்மா, உங்க கல்யாணத்தை யார் நடத்தி வச்சாங்க?" "நம்ம சபை ஐயர்தான், வேற யாரு?" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. "அவர் கிட்ட கவர்மெண்ட் லைசென்ஸ் இருந்துச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஏன்டி, இப்ப என்ன ஆச்சு?" என்றார்கள். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, மூன்றாவது வகையை நீலத்தில் அடிக்கோடிட்டாள்.